இளையோரைத் தாக்கும் மூளை அதிர்ச்சி: கண்டறிவது எப்படி, மீள்வது எப்படி? பாராடாங் போன்ற தொலைதூரத் தீவுகளுக்கு ஆய்வுகள் கூறும் வழிகள்

பாராடாங்: அந்தமான் நிகோபார் தீவுகளில் தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்துள்ள பாராடாங் தீவு, சுண்ணாம்புக்கல் குகைகளுக்காகவும் சேற்று எரிமலைகளுக்காகவும் அறியப்பட்ட இடம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து இத்தீவு சாலை வழியே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. எனினும் இந்தத் தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க இயலாது. மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையைக் கடக்க வேண்டும். அதன் பின்னர் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில், காவல்துறை பாதுகாப்புடன் குறிப்பிட்ட நேரங்களில் பகலில் மட்டும் புறப்படும் வாகன அணியுடன் ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரை பயணிக்க வேண்டும்.

பள்ளி மைதானத்தில் மாலை நேரக் கால்பந்தாட்டத்தின்போது இரு மாணவர்களின் தலைகள் மோதிக்கொண்டால், இந்தப் புவியியல் ஒரு மருத்துவக் கேள்வியாக மாறுகிறது. அடிபட்டவரை இப்போதே தலைநகருக்கு அனுப்ப வேண்டுமா, உள்ளூர் சுகாதார நிலையத்தில் வைத்துக் கண்காணித்தால் போதுமா, நாளை அவர் பள்ளிக்கு வரலாமா, எப்போது மீண்டும் விளையாடலாம்? கடந்த கால் நூற்றாண்டில் உலக அளவில் நடைபெற்ற ஆய்வுகள் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடைகளைத் தந்துள்ளன. அவற்றுட் பல, பெரிய கருவிகள் ஏதுமின்றிப் பின்பற்றக் கூடியவை என்பது குறிப்பிடத்தக்கது.

மூளை அதிர்ச்சி என்பது என்ன?

மருத்துவத்தில் 'கன்கஷன்' எனப்படும் மூளை அதிர்ச்சி, மூளைக் காயங்களில் லேசான வகையைச் சேர்ந்தது. தலையில் நேரடியாக விழும் அடியால் மட்டுமன்றி, கழுத்திலோ உடலின் வேறு பகுதியிலோ ஏற்படும் மோதலின் விசை தலைக்குக் கடத்தப்படுவதாலும் இது நேரலாம். மண்டையோட்டுக்குள் மூளை திடீரென அசைந்து முறுக்கப்படும்போது நரம்பு உயிரணுக்களின் சவ்வுகளில் அயனிகளின் சமநிலை குலைகிறது. அதைச் சீர்செய்ய உயிரணுக்களுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அதே வேளையில் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. இந்த ஆற்றல் பற்றாக்குறையே தலைவலி, மந்தம், கவனச் சிதறல் போன்ற அறிகுறிகளுக்கு அடிப்படை எனக் கருதப்படுகிறது.

இந்த மாற்றங்கள் உயிரணுக்களின் செயல்பாட்டில் நிகழ்பவை. ஆகவே வழக்கமான சி.டி. ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலோ அவை தென்படுவதில்லை. ஸ்கேன் இயல்பாக உள்ளது என்பதற்கு, இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்பது மட்டுமே பொருள். மூளை அதிர்ச்சி இல்லை என்பது பொருளன்று. இந்த வேறுபாட்டைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்னும் நம்பிக்கையும் பரவலாக உள்ளது. உண்மையில், பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் நினைவிழப்பதே இல்லை. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், பார்வை மங்குதல், வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாமை, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதிலளித்தல், நடந்ததை மறத்தல், எரிச்சல், காரணமற்ற அழுகை, தூக்கத்தில் மாற்றம் ஆகியவை பொதுவான அறிகுறிகள். இவற்றுள் சில, அடிபட்ட சில மணி நேரத்திற்குப் பின்னரும் தலைகாட்டலாம்.

முதல் கேள்வி: உயிருக்கு ஆபத்து உண்டா?

தலையில் அடிபட்ட எவரிடமும் முதலில் விலக்க வேண்டியது மண்டையோட்டுக்குள் ஏற்படும் இரத்தக் கசிவு. இதன் ஆபத்தை இந்தியக் கிரிக்கெட் உலகம் நேரில் கண்டுள்ளது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் நடைபெற்ற உள்ளூர்ப் போட்டியொன்றில், தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் களத்தடுப்பில் நின்ற முன்னாள் இந்திய வீரர் ராமன் லாம்பாவின் தலையைப் பந்து தாக்கியது. அவர் தாமாகவே நடந்து மைதானத்தைவிட்டு வெளியேறினார். அதன் பின்னரே நிலைமை மோசமடைந்தது. மூன்று நாட்களில் அவர் உயிரிழந்தார். அடிபட்டவர் எழுந்து நடக்கிறார், பேசுகிறார் என்பது மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

குழந்தைகளில் இந்த ஆபத்தை வரையறுக்க மேற்கொள்ளப்பட்ட மிகப் பெரிய ஆய்வு, 2009ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தலைக்காயத்துடன் வந்த 42,412 சிறார்கள் இதில் ஆராயப்பட்டனர். அவர்களுள் 376 பேருக்கு, அதாவது 0.9 சதவீதத்தினருக்கு மட்டுமே கவலைக்குரிய மூளைக் காயம் இருந்தது. 'பெகார்ன்' என்னும் பெயரில் அறியப்படும் அந்த ஆய்வுக் குழு, ஸ்கேன் தேவைப்படாத குழந்தைகளை அடையாளம் காணும் விதியை வகுத்தது.

இரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தையிடம் இயல்பான மனநிலை இருக்க வேண்டும். நினைவிழப்பு, வாந்தி, கடுமையான தலைவலி, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததற்கான அடையாளம் ஆகியவை இருத்தல் கூடாது. அடிபட்ட விதமும் கடுமையானதாக இருத்தல் கூடாது. இந்த ஆறு நிபந்தனைகளும் நிறைவேறினால், கவலைக்குரிய மூளைக் காயத்துக்கான வாய்ப்பு 2,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. 'கடுமையான விதம்' என்பதில் 1.5 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுவதும், தலைக்கவசமின்றி மிதிவண்டியில் செல்லும்போது மோட்டார் வாகனம் மோதுவதும் அடங்கும். தென்னையும் கமுகும் நிறைந்த தீவுகளில், மரத்திலிருந்து தவறி விழும் சிறுவன் இந்த வரையறைக்குள் வந்துவிடுவான்.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரின் பார்வையில் சில மணி நேரம் வைத்துக் கவனிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறையாகும். இதனால் தேவையற்ற ஸ்கேன் கதிர்வீச்சு தவிர்க்கப்படுகிறது. ஆயினும் பாராடாங் போன்ற இடத்தில் இந்த முடிவை எடுக்கும்போது கடைசி வாகன அணியின் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது. சி.டி. ஸ்கேன் வசதி கொண்ட ஜி.பி. பந்த் மருத்துவமனை தலைநகரில் இருப்பதால், 'இன்னும் சற்று நேரம் பார்ப்போம்' என்னும் சொல் இங்கு ஓர் இரவு முழுவதையும் குறிக்கக்கூடும். சந்தேகத்துக்குரிய நிலையில் முன்கூட்டியே அனுப்பி வைப்பதே தொலைதூரப் பகுதிகளுக்குப் பொருத்தமான அணுகுமுறை.

உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அபாய அறிகுறிகள் வருமாறு: மீண்டும் மீண்டும் வாந்தி, நேரம் செல்லச் செல்ல அதிகரிக்கும் தலைவலி, வலிப்பு, கை கால்களில் தளர்ச்சி அல்லது மரத்துப்போதல், பேச்சுக் குழறல், கண்மணிகளின் அளவில் வேறுபாடு, பொருள் இரண்டாகத் தெரிதல், குழப்பம் மிகுதல், எழுப்பினாலும் விழிக்காத உறக்க நிலை, காது அல்லது மூக்கிலிருந்து தெளிந்த நீரோ இரத்தமோ வடிதல், கடுமையான கழுத்து வலி. கழுத்து வலி இருப்பின், பயிற்சி பெற்றவர் வரும்வரை அடிபட்டவரை அசைக்காமல் இருப்பது நன்று.

மைதானத்தில் மதிப்பீடு

மூளை அதிர்ச்சியை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை இல்லை. எனவே பல சிறு சோதனைகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் முறை உருவாக்கப்பட்டது. விளையாட்டில் நேரும் மூளை அதிர்ச்சி குறித்த முதலாவது பன்னாட்டு மாநாடு 2001ஆம் ஆண்டு வியன்னாவில் நடைபெற்றது. தொடர்ந்து பிராக், சூரிச், பெர்லின் நகரங்களில் நிபுணர்கள் கூடினர். ஆறாவது மாநாடு 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்றது. அதன் ஒருமித்த அறிக்கை 2023ஆம் ஆண்டு வெளியானது. மருத்துவர்களுக்கான 'ஸ்காட்-6' மதிப்பீட்டுப் படிவமும், 8 முதல் 12 வயது வரையிலான சிறார்களுக்கான தனிப் படிவமும் அப்போது வெளியிடப்பட்டன.

இப்படிவத்தின்படி மருத்துவர், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றை அளவிடும் கிளாஸ்கோ உணர்வு நிலை அளவீட்டில் தொடங்குகிறார். 1974ஆம் ஆண்டு அறிமுகமான அந்த அளவீட்டில் முழு மதிப்பெண் 15. கழுத்துப் பரிசோதனைக்குப் பின், 22 அறிகுறிகள் ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு உள்ளன என்பதை அடிபட்டவரே 0 முதல் 6 வரை மதிப்பிடுகிறார். அடுத்து, வாசிக்கப்படும் சொற்களை நினைவில் வைத்துத் திரும்பக் கூறுதல், எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுதல் ஆகிய சோதனைகள். கண்களை மூடி இரு கால்களிலும், ஒற்றைக் காலிலும், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்தும் தலா 20 நொடிகள் நிற்கச் செய்து சமநிலை பார்க்கப்படுகிறது. இறுதியில், முன்பு கூறப்பட்ட சொற்கள் மீண்டும் கேட்கப்படுகின்றன.

இச்சோதனை காயத்துக்குப் பிந்தைய முதல் 72 மணி நேரத்தில் மிகுந்த பயன் தருவதாகவும், ஒரு வாரத்திற்குப் பின் அதன் கூர்மை குறைவதாகவும் நிபுணர்கள் தெரிவிக்கின்றனர். அதன் பிறகு மருத்துவமனையில் பயன்படுத்துவதற்கென வேறொரு விரிவான படிவம் உள்ளது. மருத்துவப் பயிற்சி இல்லாத ஆசிரியர், நடுவர், பெற்றோர் ஆகியோருக்கென எளிய அடையாளக் கையேடு தனியே வெளியிடப்பட்டுள்ளது. நோயைக் கண்டறிவது அதன் நோக்கமன்று. சந்தேகம் எழும்போது அடிபட்டவரை ஆட்டத்திலிருந்து விலக்கி மருத்துவரிடம் அனுப்புவதே அதன் நோக்கம்.

சிறார்களின் மதிப்பீட்டில் மொழிக்குத் தனி இடமுண்டு. அந்தமானில் ஒரே வகுப்பறையில் வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, சாத்ரி எனப் பல வீட்டு மொழிகள் பேசப்படுகின்றன. 'தலை கிறுகிறுக்கிறது', 'மந்தமாக இருக்கிறது' என வீட்டில் இயல்பாகச் சொல்லும் குழந்தை, பழகாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்குத் தயங்கினால், அத்தயக்கம் காயத்தால் நேர்ந்ததா, மொழியால் நேர்ந்ததா எனப் பிரித்தறிதல் கடினம். சிறார் படிவத்தில் பெற்றோரின் கூற்றுக்கும் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. குழந்தையின் இயல்பை அறிந்தவரே அதன் மாற்றத்தை முதலில் உணர்வார் என்பதே காரணம்.

மறைப்பதால் நேரும் இழப்பு

ஆட்டத்தை இழக்க விரும்பாத மாணவர்கள் அறிகுறிகளை மறைப்பது உலகெங்கும் காணப்படுகிறது. இதன் விளைவை 2016ஆம் ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. மூளை அதிர்ச்சிக்குள்ளான 69 இளம் வீரர்களில், உடனே ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டோர் சராசரியாக 22 நாட்களில் மீண்டனர். தொடர்ந்து விளையாடியோருக்கு 44 நாட்கள் தேவைப்பட்டன. சில நிமிட ஆட்டத்திற்காக மூன்று வார காலத்தை அவர்கள் இழந்தனர்.

அரிதாக, இழப்பு இதனினும் பெரிது. முதல் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்கு முன் மீண்டும் அடிபட்டால் மூளை வேகமாக வீங்கி உயிரிழப்பு நேரலாம். இந்த நிலை பெரும்பாலும் இளையோரிடமே பதிவாகியுள்ளது. கனடாவின் ஒட்டாவா பகுதியைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்னும் 17 வயது ரக்பி வீராங்கனை, சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013 மே மாதம் உயிரிழந்தார். அவரது பெயரால் ஒன்டாரியோ மாகாணம் 2018ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. அதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டு 13 வயதில் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் அடிபட்டு, மீண்டும் களமிறக்கப்பட்டுக் கடும் மூளைக் காயத்துக்கு ஆளான சாக்கரி லிஸ்டெட்டின் பெயரால் வாஷிங்டன் மாநிலம் 2009ஆம் ஆண்டு சட்டம் கொண்டுவந்தது. அடிபட்டதாகச் சந்தேகிக்கப்படும் மாணவரை உடனே விலக்குவது, மருத்துவரின் ஒப்புதலின்றி மீண்டும் சேர்க்காதிருப்பது ஆகியவை அதன் அடிப்படை விதிகள். 2014ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின.

யாருக்கு மீட்சி தாமதமாகும்?

பெரும்பாலான சிறார்கள் நான்கு வாரங்களுக்குள் முழுமையாக மீள்கின்றனர். எனினும் குறிப்பிடத்தக்க பகுதியினருக்கு அறிகுறிகள் நீடிக்கின்றன. கனடாவின் 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் 3,063 சிறார்களிடம் டாக்டர் ரோஜர் செமெக் தலைமையில் நடத்தப்பட்ட ஆய்வு 2016ஆம் ஆண்டு 'ஜாமா' இதழில் வெளியானது. 28 நாட்களுக்குப் பின்னரும் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் தொடர்வதை அது கண்டறிந்தது.

தாமதத்தை முன்கூட்டியே கணிக்க 12 புள்ளிகள் கொண்ட அளவுகோலையும் அக்குழு உருவாக்கியது. பெண் குழந்தையாக இருத்தல், 13 வயதோ அதற்கு மேலோ ஆகியிருத்தல், ஒற்றைத் தலைவலி வரலாறு, முன்பு நேர்ந்த அதிர்ச்சியிலிருந்து மீள ஒரு வாரத்திற்கு மேல் ஆகியிருத்தல், தலைவலி, ஓசை தாங்காமை, களைப்பு, கேள்விக்கு மெதுவாகப் பதிலளித்தல், சமநிலைச் சோதனையில் பிழைகள் ஆகியவை அதன் கூறுகள். இவற்றுள் எதற்கும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. ஒரு சுகாதார நிலையத்தின் மேசையருகே சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

பெற்றோரின் பெரும் அச்சம், குழந்தையின் அறிவுத்திறன் குறைந்துவிடுமோ என்பதாகும். கனடாவிலும் அமெரிக்காவிலும் 866 சிறார்களை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதில் ஆறுதல் அளிக்கிறது. மூளை அதிர்ச்சி அடைந்தோருக்கும், கை கால் எலும்புக் காயம் அடைந்தோருக்கும் இடையே அறிவுத்திறன் அளவீட்டில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதே வேளையில், ஒன்டாரியோவில் 5 முதல் 18 வயது வரையிலானோரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, மூளை அதிர்ச்சிக்குப் பின் மனநலப் பிரச்சினைகள் தோன்றும் வாய்ப்பு, எலும்புக் காயம் அடைந்தோரைவிட 39 சதவீதம் அதிகம் எனக் கண்டறிந்தது. எனவே தலைவலி நின்றபின்னும் மனச்சோர்வு, பதற்றம், தனித்திருத்தல் போன்ற மாற்றங்களைக் குடும்பத்தினர் கவனிப்பது அவசியம்.

இருட்டறை ஓய்வு தேவையில்லை

மூளை அதிர்ச்சிக்கு ஆளானவரை அறிகுறிகள் அனைத்தும் நீங்கும்வரை இருட்டறையில் படுக்க வைப்பதே நீண்ட காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்தது. கடந்த பத்தாண்டு கால ஆய்வுகள் இக்கருத்தை மாற்றியுள்ளன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 11 முதல் 22 வயது வரையிலானோரிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் முழு ஓய்வும், மற்றொரு பிரிவினருக்கு ஓரிரு நாள் ஓய்வும் பரிந்துரைக்கப்பட்டன. அதிகம் ஓய்வெடுத்தவர்களே கூடுதல் அறிகுறிகளைத் தெரிவித்தனர். 2016ஆம் ஆண்டு கனடாவில் 2,413 சிறார்களிடம் செய்யப்பட்ட பகுப்பாய்வில், முதல் ஏழு நாட்களுக்குள் ஓரளவு உடலியக்கத்தைத் தொடங்கியோரில் 28.7 சதவீதத்தினருக்கும், தொடங்காதோரில் 40.1 சதவீதத்தினருக்கும் அறிகுறிகள் நீடித்தன.

அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர் ஜான் லெட்டியின் குழு, 13 முதல் 18 வயது வரையிலான 103 பேரிடம் நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளியானது. அறிகுறிகளைத் தூண்டாத அளவில் நடைபோன்ற மிதமான உடற்பயிற்சி செய்தோர் 13 நாட்களிலும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோர் 17 நாட்களிலும் மீண்டனர்.

கைப்பேசித் திரை குறித்தும் தெளிவான சான்று உள்ளது. 12 முதல் 25 வயது வரையிலான 125 பேரிடம் மேற்கொள்ளப்பட்டு 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரைகளைத் தவிர்த்தவர்கள் 3.5 நாட்களிலும், தவிர்க்காதவர்கள் 8 நாட்களிலும் மீண்டனர்.

இவற்றின் அடிப்படையில் ஆம்ஸ்டர்டாம் அறிக்கை பரிந்துரைப்பது இதுவே: முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை மிதமான ஓய்வு; வீட்டு அளவிலான இயல்பான அசைவுகளுக்குத் தடையில்லை; திரை நேரத்தைக் குறைத்தல்; அதன் பின் நடைப்பயிற்சியில் தொடங்கிப் படிப்படியாக இயக்கத்தை அதிகரித்தல். பயிற்சியின்போது அறிகுறிகள் சற்றே கூடி, ஒரு மணி நேரத்திற்குள் தணிந்துவிட்டால் அஞ்சத் தேவையில்லை.

முதலில் பள்ளி, பிறகு விளையாட்டு

விளையாட்டுக்குத் திரும்புவதற்கு முன் மாணவர் பள்ளிக்கு முழுமையாகத் திரும்பியிருக்க வேண்டும் என்பது பொது விதி. உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பின்படி, வீரர்கள் சராசரியாக ஏறத்தாழ 8 நாட்களில் கல்விக்கும், 14 நாட்களில் அறிகுறியற்ற நிலைக்கும், 20 நாட்களில் விளையாட்டுக்கும் திரும்புகின்றனர்.

பள்ளியில் முதல் சில நாட்கள் அரை நேர வகுப்பு, இடையிடையே ஓய்வு, வெயிலும் இரைச்சலும் குறைந்த இருக்கை, வீட்டுப்பாடக் குறைப்பு, தேர்வை ஒத்திவைத்தல் ஆகிய சலுகைகள் மீட்சிக்கு உதவும். இவற்றைச் சோம்பலுக்கான சாக்காகக் கருதக் கூடாது. காலில் கட்டுப் போட்ட மாணவனுக்கு நாற்காலி தருவதைப் போன்றதே இது.

விளையாட்டுக்குத் திரும்புதல் ஆறு படிகளைக் கொண்டது: அன்றாடச் செயல்கள், நடை அல்லது மிதிவண்டி போன்ற பயிற்சி, தனியாக விளையாட்டுப் பயிற்சி, மோதலற்ற குழுப் பயிற்சி, முழுமையான பயிற்சி, இறுதியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். தலையில் மீண்டும் அடிபடும் வாய்ப்புள்ள நான்காம் படிக்குச் செல்லும் முன், அறிகுறிகள் முற்றிலும் நீங்கி மருத்துவரின் ஒப்புதல் பெற்றிருத்தல் வேண்டும்.

விளையாட்டு விதிகளில் மாற்றம்

பன்னாட்டுக் கிரிக்கெட் கவுன்சில் 2019 ஆகஸ்ட் 1 முதல், மூளை அதிர்ச்சிக்குள்ளான வீரருக்குப் பதிலாக மாற்று வீரரை அனுமதித்தது. அம்மாதமே லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார். 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் நடைபெற்ற இருபது ஓவர் போட்டியில், தலைக்கவசத்தில் பந்து தாக்கிய ரவீந்திர ஜடேஜாவுக்குப் பதிலாக யுஸ்வேந்திர சாஹல் பந்துவீசி ஆட்டநாயகன் விருதும் பெற்றார். கால்பந்தில் 2021 முதல் சோதனை முறையில் இருந்த கூடுதல் மாற்று வீரர் ஏற்பாடு, 2024ஆம் ஆண்டு ஆட்ட விதிகளில் நிலையான தெரிவாகச் சேர்க்கப்பட்டது.

அந்தமான் நிகோபார் தீவுகளுக்குப் பெருமை சேர்த்த விளையாட்டு மிதிவண்டிப் பந்தயம். நிகோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற உலக இளையோர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். டெபோரா ஹெரால்ட், டேவிட் பெக்காம் போன்ற வீரர்களும் இத்தீவுகளிலிருந்து உருவானவர்களே. அதிவேகத்தில் விழும் வாய்ப்புள்ள இவ்விளையாட்டிலும், மூளை அதிர்ச்சிக்கான நெறிமுறையைப் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2020 இறுதியில் அறிவித்தது.

மைதானத்திற்கு வெளியே

இந்தியாவில் இளையோரின் தலைக்காயத்துக்கு விளையாட்டைவிடச் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுதலுமே முதன்மைக் காரணங்களாக உள்ளன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிவது 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் கட்டாயமாக்கப்பட்டது. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும், அவர்களுடன் செல்லும்போது மணிக்கு 40 கி.மீ. வேக வரம்பும் 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் மண்டையோட்டு முறிவையும் இரத்தக் கசிவையும் பெருமளவு தடுக்கும். மூளை அதிர்ச்சியை முற்றிலும் தடுக்காது. ஆகவே தலைக்கவசம் அணிந்திருந்தார் என்பதற்காக அறிகுறிகளைப் புறக்கணித்தல் ஆகாது.

தொலைவைக் குறைக்கும் தொழில்நுட்பம்

ஸ்கேன் வசதியற்ற இடங்களுக்கான தீர்வுகளும் உருவாகி வருகின்றன. மண்டையோட்டுக்குள் இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளிக்கதிர் மூலம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கண்டறியும் 'செரிபோ' என்னும் கையடக்கக் கருவி குறித்து 2025ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பெங்களூரு நிம்ஹான்ஸ், போபால் எய்ம்ஸ், பயோஸ்கேன் ரிசர்ச் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி இது. யாரை முதலில் அனுப்ப வேண்டும் என முடிவெடுக்க இத்தகைய கருவி உதவும், சி.டி. ஸ்கேனுக்கு மாற்றாகவோ, மூளை அதிர்ச்சியைக் கண்டறியும் சோதனையாகவோ அதைக் கருத இயலாது. இரத்தத்தில் உள்ள புரதங்களைக் கொண்டு மூளைக் காயத்தை மதிப்பிடும் சோதனைக்கு அமெரிக்கா 2018ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தபோதும், அது 18 வயது நிறைந்தவர்களுக்கானது.

தொலைமருத்துவமும் இத்தீவுகளுக்குப் புதிதன்று. இஸ்ரோவின் தொலைமருத்துவத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே ஜி.பி. பந்த் மருத்துவமனை, சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியுடன் செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்டது. சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடி ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' சேவை வழியே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தலைநகரில் உள்ள நிபுணருடன் கலந்தாலோசிக்க இயலும். மூளை அதிர்ச்சியின் மதிப்பீடு பெரும்பாலும் கேள்விகளாலும் எளிய அசைவுச் சோதனைகளாலும் ஆனது என்பதால், காணொலி வழி ஆலோசனைக்கு இது மிகவும் ஏற்றது. குறிப்பாக, முதல் ஆபத்து நீங்கிய பின் வாரந்தோறும் செய்ய வேண்டிய தொடர் பரிசோதனைக்காக மாணவரும் பெற்றோரும் ஒரு நாள் முழுவதையும் பயணத்தில் கழிக்கத் தேவையிருக்காது.

பள்ளிகளும் பெற்றோரும் செய்ய வேண்டியவை

தலையில் அடிபட்டு, ஒரே ஓர் அறிகுறி தென்பட்டாலும் மாணவரை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். அன்றைய தினம் மீண்டும் சேர்த்தல் கூடாது. தனியே விடாமல் ஒருவர் உடனிருக்க வேண்டும். அடிபட்ட நேரம், விதம், வாந்தி, நினைவிழப்பு ஆகியவற்றை உடற்கல்வி ஆசிரியர் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் தருவது, பின்னர் மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும். மருத்துவரின் ஆலோசனையின்றி வலி நிவாரணி மாத்திரைகளைத் தருதல் கூடாது. மருத்துவர் பார்த்து ஆபத்தில்லை எனக் கூறிய பின் குழந்தை உறங்குவதில் தவறில்லை. உறக்கம் மீட்சிக்கு உதவும்.

கடைசி வாகன அணி புறப்படும் நேரம், சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண், அவசர ஊர்தி எண் 108 ஆகியவற்றைப் பள்ளி மைதானத்தின் அருகே எழுதி வைப்பது செலவில்லாத ஏற்பாடு. அபாய அறிகுறிகளின் பட்டியலையும் அதனுடன் ஒட்டி வைக்கலாம். நீரிணையும் காடும் குறுக்கிடும் பாராடாங்கில், அடிபட்ட முதல் சில நிமிடங்களில் ஆசிரியரும் சக மாணவர்களும் எடுக்கும் முடிவே அந்த மாணவரின் அடுத்த சில வாரங்களைத் தீர்மானிக்கிறது.